சாமைக்கு ஒரு நல்கை: கொல்லிமலைக்கு வெளிநாட்டு அரசுகளின் மரபுக் காப்பு நிதி

கொல்லிமலையில் பாதுகாக்க வேண்டியது எது என்று அடிவாரத்திலிருந்து வருகிறவரைக் கேட்டால், வளப்பூர் நாட்டில் சோழர் காலக் கல்வெட்டுகளோடு நிற்கும் அறப்பளீஸ்வரர் கோயிலைச் சொல்வார். எட்டுக்கை அம்மனைச் சொல்வார். செம்மேட்டில் நிற்கும் வல்வில் ஓரியின் சிலையையும், ஆடி 17, 18-ல் அரசு நடத்தும் ஓரி விழாவையும் சொல்வார். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்த களைப்பில் அதற்கு மேல் அவருக்குத் தோன்றாது. அதே கேள்வியை மலையில் ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். எந்தச் சாமையை எந்தச் சரிவில் விதைப்பது, விதைக்கு எந்தக் கதிரை ஒதுக்குவது, எந்தத் தானியத்தைச் சாமிக்கு முதலில் படைப்பது என்று அவர் தொடங்குவார். இரண்டும் மரபுதான். வெளிநாட்டு அரசுகளின் நல்கை அறிவிப்புகளில் முதல் வகை எளிதாக இடம்பிடித்துவிடுகிறது. இரண்டாம் வகைக்கு இடம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தத் தேடலைப் பற்றியது.

மலையில் உள்ள சிறு சங்கங்கள், மகளிர் குழுக்கள், இளைஞர் மன்றங்கள், அவற்றோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கல்வராயன், ஜவ்வாது, சேர்வராயன் மலைகளில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கொல்லிமலைக்கு ஏற்கெனவே வந்த பணம்

கொல்லிமலையில் வெளிநாட்டு அரசின் பணம் மரபைக் காத்த கதை ஏற்கெனவே ஒன்று உண்டு. அந்தக் கோப்புகளில் பண்பாட்டு மரபு என்ற தலைப்பைத் தேடினால் கிடைக்காது. உணவு, வறுமை, பல்லுயிர் என்ற தலைப்புகளில்தான் அது இருக்கிறது.

ஒரு காலத்தில் மலையின் சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு. ஒவ்வொன்றிலும் பல ரகம். சாமையில் மட்டும் பெருஞ்சாமை, மல்லிச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலாச்சாமை என்று பெயர் சொல்லிப் பிரிப்பார்கள். கேழ்வரகில் சுருட்டைக் கேழ்வரகு ஒன்று. மண்ணின் ஆழம், மழை வரும் நாள், பயிர் நிற்கும் காலம் ஆகியவற்றைப் பார்த்து ரகத்தைத் தேர்ந்தார்கள். பிறகு சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. கையில் காசு தரும் பயிர் அது. ரேஷன் அரிசியும் வந்தது. இன்னொரு காரணத்தைப் பெண்களிடம் கேட்டால்தான் தெரியும். சாமையின் உமி இறுக்கமானது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் தோள் இற்றுப்போகும். வயல் வேலை முடிந்து வந்து அதையும் அவர்களே செய்ய வேண்டியிருந்தது. சாமை விலகியதற்கு ஆசை மாறியது மட்டும் காரணமல்ல. அந்த உழைப்பிலிருந்து விடுபட அவர்களுக்கு முழு நியாயம் இருந்தது.

எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்கிறது. அந்த வேலைக்குச் சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி ஒத்துழைப்பு முகமை உதவியது. வேளாண் வளர்ச்சிக்கான ஐ.நா. நிதியம் உதவியது. 2011 முதல் 2014 வரை கனடா அரசு தன் பன்னாட்டு உணவுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியிலிருந்து கொடுத்தது. கனடா நாடாளுமன்றம் 1970-ல் உருவாக்கிய பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அந்தப் பணத்தைக் கையாண்டது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் கூட்டாளியாக இருந்தது. கொல்லிமலையோடு ஒடிசாவின் ஜெய்ப்பூர், கேரளத்தின் வயநாடு ஆகியவையும் திட்டத்தில் இருந்தன. மலையில் உமி நீக்கும் இயந்திரங்கள் ஊர்களில் வைக்கப்பட்டன. அவற்றை மகளிர் குழுக்கள் நடத்தின. ஊர் விதை வங்கிகள் வந்தன. பயிர் ரகங்களின் பாதுகாவலர்களுக்கென ஒரு கூட்டமைப்பு உருவானது. சாமை, தினை, கேழ்வரகில் செய்த மாவும் ரவையும் மலையின் பெயரோடு பொட்டலமாகிக் கடைக்குப் போயின.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. சாமையைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருந்தால் சாமை காப்பாற்றப்பட்டிருக்காது. உமி நீக்கும் இயந்திரம்தான் அதை மறுபடி அடுப்புக்குக் கொண்டுவந்தது. மரபைக் கைவிட வைத்த காரணம் எதுவோ, பணத்தை முதலில் அந்தக் காரணத்தின் மேல் செலவிட வேண்டும். விண்ணப்பத்தை எழுதத் தொடங்கும்போதே இந்தக் கேள்வியை ஊரில் கேளுங்கள்: நம் பிள்ளைகள் இதை ஏன் விட்டார்கள்? பதில் கிடைத்தால் பாதி முன்மொழிவு எழுதியாயிற்று.

எந்த அரசு எதற்குத் தரும்

அமெரிக்கா நடத்துவது பண்பாட்டுப் பாதுகாப்புக்கான தூதர்கள் நிதி. 2001-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முயற்சியில் பிறந்தது. வளரும் நாடுகளில் மூன்று வகை வேலைகளுக்குத் தருவார்கள். கட்டடங்கள், தொல்லியல் இடங்கள் ஒரு வகை. அருங்காட்சியகப் பொருள்கள், சுவடிகள், சேகரங்கள் இரண்டாவது. இசை, மொழி, கைவினை போன்ற மரபு வெளிப்பாடுகள் மூன்றாவது. டெல்லி ஹுமாயூன் கல்லறைப் பகுதியின் பத்தாஷேவாலா வளாகமும் ஹைதராபாத் குதுப் ஷாஹி கல்லறைகளும் இந்த நிதியில் பலன் பெற்றவை. இரண்டிலும் வேலையை ஏற்று நடத்தியது ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை. பெரிய, பழகிய நிறுவனத்தைத் தூதரகங்கள் விரும்பும் என்பது இதிலேயே தெரிகிறது.

கொல்லிமலைக்குப் பொருத்தமானது மூன்றாவது வகை. ஆனால் அறிவிப்பில் 'இவற்றுக்குத் தரமாட்டோம்' என்று வரும் பட்டியலை முதலில் படியுங்கள். தனியார் சொத்தைச் செப்பனிட, புதிய கட்டடம் கட்ட, பொருள்களை விலைக்கு வாங்க, காட்டையும் ஆற்றையும் இயற்கை வளமாகக் காக்க, வைப்புநிதி உண்டாக்க, ஏற்கெனவே செய்த செலவை ஈடுகட்ட இந்தப் பணம் கிடையாது. பெரிய பாதுகாப்பு வேலையின் பகுதியாக இல்லாத வெறும் டிஜிட்டல் பதிவுக்கும் கிடையாது. வழிபாட்டில் உள்ள கோயிலென்றால், கலையும் வரலாறும் கட்டடக்கலையும்தான் காரணமாக எழுதப்பட வேண்டும், வழிபாட்டு வசதி அல்ல. ஆகவே 'விதை வங்கி கட்ட வேண்டும்' என்று இங்கே போனால் கதவு அடைபடும். 'சாமை விதைப்பு முதல் படையல் வரை உள்ள பாட்டையும் சடங்கையும் விதை தேர்வு அறிவையும் மூத்த பெண்களிடமிருந்து இளம் பெண்களுக்குக் கற்றுத்தரும் ஈராண்டுப் பயிற்சி' என்று போனால் கேட்பார்கள்.

விண்ணப்பம் தூதரகத்தின் வழியாகப் போகும். அதற்கு முன் அமெரிக்க அரசின் இணையப் பதிவேட்டில் உங்கள் நிறுவனம் பதிந்து ஓர் அடையாள எண் பெற்றிருக்க வேண்டும். பதிவு கட்டணமில்லாதது. ஆனால் சங்கப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் வாரக்கணக்கில் இழுக்கும். அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

இன்னொன்றையும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு மாறியதும் வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்தியது. ஜூலையில் அந்நாட்டு வளர்ச்சி முகமையையே மூடிவிட்டார்கள். உலகம் முழுவதும் பாதி வேலையில் பல திட்டங்கள் நின்றுபோயின. வெளிநாட்டு அரசின் பணம் அந்நாட்டுத் தேர்தலோடு ஆடும். முதல் ஆறு மாத வேலை தனியாகவே ஒரு பலனைக் கொடுக்கும்படி திட்டத்தைப் பகுத்து எழுதுங்கள். அதற்குப் பிறகு பணம் நின்றாலும் ஊரில் ஏதாவது மிச்சமிருக்கும்.

ஜெர்மனியின் வெளியுறவுத் துறை 1981 முதல் பண்பாட்டுக் காப்புத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. கட்டடச் சீரமைப்போடு இசைப்பதிவு, வாய்மொழி மரபு, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி ஆகியவற்றையும் அது ஏற்கிறது. ஜப்பானின் அடித்தள மக்கள் உதவித் திட்டம் பெரும்பாலும் கருவிக்கும் கட்டடத்துக்கும் உரியது. நம் உமி நீக்கும் இயந்திரம் அந்தக் கண்ணுக்குப் பொருந்தும். ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம் சிறு தொகைக்கானது. முதன்முதலாக வெளிநாட்டு நிதியைக் கையாளப் போகும் நிறுவனத்துக்கு அதுவே நல்ல பயிற்சி.

நெதர்லாந்தும் டென்மார்க்கும் பிரான்ஸும் பெரும்பாலும் தங்கள் கால்தடம் இருக்கும் இடத்தைத்தான் பார்க்கும். நெதர்லாந்து தன் பகிர்ந்த மரபுக் கொள்கையில் இந்தியாவையும் இலங்கையையும் சேர்த்திருக்கிறது. போருக்குப் பிறகு யாழ்ப்பாணக் கோட்டையைச் சீரமைக்க உதவியது அந்த நாடுதான். பழவேற்காட்டுக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் அந்தக் கதவு பொருந்தும். தரங்கம்பாடிக்கு டென்மார்க், புதுச்சேரிக்குப் பிரான்ஸ். கொல்லிமலைக்கு இவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தையும் சிலர் அரசு நிதி என்றே நினைக்கிறார்கள். அதற்குப் பணம் ஒரு தனியார் அறக்கட்டளையிலிருந்து வருகிறது. பழைய ஊர் ஆவணங்கள், நிலப்பத்திரங்கள், ஓலைகள் உங்களிடம் இருந்தால் அது நல்ல வழி. அசலை ஊரிலேயே விட்டுவிட்டு நகலை மட்டும் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய வேலைகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்திருக்கிறது.

பணம் வந்து சேரும் ஒரே வழி

நல்ல முன்மொழிவுகள் செத்துப்போகும் இடம் இதுதான். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

வெளிநாட்டு அரசிடமிருந்து ஒரு ரூபாய் வாங்குவதானாலும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 பொருந்தும். எல்லாரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்றே சொல்கிறார்கள். பதிவு பெறுவதற்கு நிறுவனம் மூன்றாண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று நிதியாண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். விண்ணப்பம் எஃப்.சி.3ஏ படிவத்தில். மலையில் ஒரு மகளிர் குழுவோ இளைஞர் மன்றமோ இந்த வரம்பை எட்டுவது அபூர்வம்.

இரண்டாம் வழி, ஒரு குறிப்பிட்ட கொடையாளர், ஒரு குறிப்பிட்ட தொகை, ஒரு குறிப்பிட்ட வேலை என்று காட்டி முன் அனுமதி பெறுவது. அது எஃப்.சி.3பி. தூதரகம் தரும் ஒப்புதல் கடிதம் அதற்கு வேண்டும். கடிதம் கிடைத்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால் காலம் பிடிக்கும். தூதரக அலுவலரிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பலருக்கு இந்த நடைமுறை தெரியும். தெரியாதவர் அவசரப்படுத்தினால் வேலை தொடங்கும் நாளைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

பணம் முதலில் புதுடெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் பேங்க் கிளையில் உங்கள் பெயரில் திறந்த கணக்குக்குத்தான் வரும். அங்கிருந்து மலையில் உள்ள உங்கள் வங்கிக் கிளையில் ஒரு செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் உள்ளூர்ப் பணம் ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், எஃப்.சி.4 கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஆண்டு பணமே வராவிட்டாலும் தாக்கல் செய்தாக வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்.

2020-ல் வந்த திருத்தம் இரண்டு பெரிய மாற்றங்களைக் கொண்டுவந்தது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியமானது, பதிவு பெற்ற நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தர முடியாது. இன்னொரு நிறுவனமும் பதிவு பெற்றிருந்தாலும் சரி, முடியாது. சென்னையில் உள்ள பெரிய தொண்டு நிறுவனம் பணம் வாங்கி, செம்மேட்டுக் குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய முறை அன்றோடு முடிந்தது.

அப்படியானால் மலைக் குழு எப்படிப் பங்கேற்கும்? பதிவு பெற்ற நிறுவனம் தானே செலவு செய்ய வேண்டும், மலைக்காரர்கள் அந்தச் செலவில் கூலி பெறுபவர்களாகவும் பலன் பெறுபவர்களாகவும் இருக்க வேண்டும். பாட்டு கற்றுத்தரும் மூதாட்டிக்கு மதிப்பூதியம், களத் தகவல் சேகரிக்கும் இளைஞருக்குச் சம்பளம், இயந்திரம் வைக்கும் இடத்துக்கு வாடகை, எல்லாமே நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகும். குழுவின் கணக்குக்கு ஒரு தொகையாகப் போகாது. இதில் சட்டம் நிறைவேறும். ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் கீழே மலையடிவாரத்துக்கு இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. அதைத் தடுக்க ஒரு தனி ஒப்பந்தம் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐ.நா.வும் அதன் சிறப்பு முகமைகளும் இந்தச் சட்டத்தில் வெளிநாட்டு மூலமாகக் கணக்கில் வராது. யுனெஸ்கோவிடமிருந்து வரும் பணத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கொல்லிமலை போன்ற இடங்களுக்கு அந்த வழி சிறிதே, ஆனாலும் பதிவில்லாத குழுக்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அரசு ஊழியர், பொது ஊழியர், சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர், தேர்தல் வேட்பாளர், அரசியல் கட்சி ஆகியோர் வெளிநாட்டுப் பங்களிப்பு பெறக் கூடாது. நல்ல எண்ணத்தோடு ஊராட்சித் தலைவரைச் சங்கப் பொறுப்பில் வைத்து விண்ணப்பம் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவரை ஊர்க்கூட்டத்தில் முன்னால் உட்காரவையுங்கள். பணம் வாங்கும் நிறுவனத்தின் பொறுப்பில் வைக்கும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

விதையையும் அறிவையும் வெளியே அனுப்பும் முன்

கோயிலென்றால் இந்து சமய அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் நகர்த்த முடியாது. தூதரகமும் அந்தக் கடிதத்தைக் கேட்கும். காட்டுக்குள் இருக்கும் இடமென்றால் வனத்துறை. இவை ஊரறிந்தவை. அதிகம் பேர் கவனிக்காத மூன்றாவது ஒன்று இருக்கிறது.

வெளிநாட்டுக் கூட்டாளி 'எங்கள் ஆய்வகத்துக்குக் கொஞ்சம் சாமை விதை அனுப்புங்கள்' என்று சாதாரணமாகக் கேட்பார். பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், 2002-இன்படி வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தையோ அதைச் சார்ந்த அறிவையோ ஆராய்ச்சிக்குப் பெற, தேசிய பல்லுயிர்ப் பெருக்க ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். அந்த ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. மூலிகை வைத்தியரின் குறிப்பு, விதைப்புக் காலம் பற்றிய பாட்டு, எந்தப் பூச்சிக்கு எந்த இலை என்ற ஒலிப்பதிவு, எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். திட்டத்தின் பலன்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனை சில நல்கைகளில் இருக்கும். பாட்டுக்கும் நடனத்துக்கும் அது ஏற்கத்தக்கது. மருந்து அறிவுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பகுதியைத் தனியே பிரித்து, ஊரின் அனுமதியோடு மட்டுமே திறக்கும் ஆவணம் என்று எழுதச் சொல்லுங்கள். மல்லிச்சாமை போன்ற ரகங்களை, வெளியே யாரும் உரிமை கோரும் முன், 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் உழவர் ரகமாக ஊரின் பெயரிலேயே பதிந்துவிடுவது நல்லது.

கிராமசபையும் ஊர்க்கூட்டமும்

தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. விண்ணப்பத்தின் கடைசி நாளைப் பார்த்து அதற்கு முன்னால் வரும் கிராமசபையில் தீர்மானம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வன உரிமைச் சட்டம், 2006-இன் 5-ஆம் பிரிவு, தங்கள் பண்பாட்டு மரபையும் இயற்கை மரபையும் கெடுக்கும் செயல்களிலிருந்து வாழிடத்தைக் காக்கும் அதிகாரத்தை வனவாழ் பழங்குடிகளுக்கும் அவர்களின் கிராமசபைக்கும் தருகிறது. தீர்மானத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதினால், வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்கு இது ஊரின் சட்டப்பூர்வமான குரல் என்று புரியும். ஒப்புதல் கடிதம் என்ற பெயரில் வழக்கமாக இணைக்கப்படும் நான்கு கையெழுத்தைவிட இதற்கு எடை அதிகம்.

கிராமசபைக்கு முன்னால் ஊர்க்கூட்டம் நடக்க வேண்டும். ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் சம்மதிக்காத விஷயம் கிராமசபையில் கையெழுத்தாகும், வேலையில் நடக்காது. பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் போடுங்கள். நான் இருந்த ஒரு கூட்டத்தில், இயந்திரத்தின் படத்தைக் காட்டி நாங்கள் விளக்கி முடித்ததும் ஓர் அம்மா கேட்டார்: "ஏந் தம்பி, இது ரிப்பேர் ஆனா யாரு பாக்குறது? உங்க ஆபீசு மூணு வருசத்துல மூடிருவீங்களே, அப்புறம் இந்த மில்லு யாருது?" அந்த இரண்டு கேள்விக்கும் முன்மொழிவில் அன்று பதில் இல்லை. அன்றிரவே உட்கார்ந்து அதற்கு இரண்டு பக்கம் எழுதினோம். பெல்ட்டும் சல்லடையும் எங்கே கிடைக்கும், மின்சாரக் கட்டணம் யார் பேரில், அரைக்கும் கூலியில் எவ்வளவு பழுதுபார்ப்புக்கு ஒதுக்குவது, ஊரில் யாருக்கு மெக்கானிக் பயிற்சி என்று. மதிப்பீட்டாளர்கள் பாராட்டிய பகுதி அதுவே.

செலவுக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு, 16 லட்சம் ரூபாயில் இரண்டாண்டுத் திட்டம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகச் செலவின் உச்சம் 3,20,000 ரூபாய். அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம், தணிக்கைக் கட்டணம், அலுவலகத் தொலைபேசி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மீதியில் மூத்த கலைஞர்கள், விதை காப்போர், பயிற்சி பெறும் இளையோர் ஆகிய மூவகையினருக்கும் நேராகப் போகும் தொகை பாதிக்கும் மேல் இருக்கட்டும். வழக்கமாக நான் பார்க்கும் கணக்குகளில் கேமராவும் படத்தொகுப்பும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. கற்றுத்தரும் பாட்டிக்குத் தேநீர்ச் செலவு மட்டும் எழுதியிருக்கும். அது அநியாயம். ஒரு நாள் முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருபவருக்கு அன்றைய மரவள்ளி அறுவடைக் கூலியைவிடக் கூடுதலாகத் தர வேண்டும். அதைக் கணக்கில் நிபுணர் ஊதியம் என்ற வரியில் எழுதுங்கள், பங்கேற்பாளர் செலவு என்று எழுதாதீர்கள். அவர்தான் அந்தத் திட்டத்தின் நிபுணர்.

மலைப்பாதைப் போக்குவரத்தைக் குறைத்து எழுதாதீர்கள். சோளக்காட்டிலிருந்து உள் ஊர்களுக்குப் பேருந்து விட்டுப்போனால் வாடகை வண்டிதான். மழைக்காலத்தில் இரண்டு முறை போக வேண்டிய இடத்துக்கு நான்கு முறை போவீர்கள். எதிர்பாராச் செலவு என்ற தலைப்பைச் சில தூதரகங்கள் ஏற்காது. ஆகவே அந்த மழை நாள்களைப் பயண வரியிலேயே வெளிப்படையாகக் கணக்கிட்டுவிடுங்கள். நல்கை டாலரில் ஒப்புதலாகி ரூபாயில் வருகிறது. விண்ணப்ப நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையில் மாற்று விகிதம் மாறும். குறைந்தால் எந்த வேலையை விடுவது என்று முன்பே ஊரோடு முடிவு செய்து வையுங்கள்.

கூலிச் சீட்டில் கைநாட்டு வாங்கும் வழக்கம் போதாது. ஒவ்வொருவருக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரும் வங்கிப் பெயரும் ஒத்துப்போகிறதா என்று திட்டம் தொடங்கும் முன்னமே பாருங்கள். தணிக்கையின்போது இதற்காக அலைவது பெரிய கொடுமை.

நிறுவனத்தோடு ஊர் போடும் ஒப்பந்தம்

பணத்தை வாங்கும் நிறுவனத்துக்கும் ஊருக்கும் இடையே தமிழில், படித்தால் புரியும்படி, ஓர் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்துப் படித்துக்காட்டுவது போதாது. அதில் குறைந்தது இவ்வளவாவது இருக்கட்டும். திட்ட முடிவுகளை எடுக்கும் குழுவில் பாதிக்கு மேல் மலைக்காரர்கள், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஒலி, ஒளிப்பதிவுகளின் உரிமை பாடியவருக்கும் ஊருக்கும். நிறுவனத்துக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும். பதிவுகளின் முழுப் பிரதி ஒன்று மலையிலேயே, பள்ளியிலோ நூலகத்திலோ இருக்க வேண்டும். ஒருவர் பாடியதைத் திரும்பப் பெற விரும்பினால் அதற்கு வழி இருக்க வேண்டும். அறிக்கைகள் தூதரகத்துக்குப் போகும் முன் அவற்றின் தமிழ்ச் சுருக்கம் ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

இயந்திரத்தைப் பற்றிய பகுதியைத் தனியாக எழுதுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய சொத்து நிறுவனத்தின் கணக்கேட்டில் இருக்கும். அதை வேறொருவருக்கு மாற்றுவதற்கும் எஃப்.சி.ஆர்.ஏ. விதிகளும் நல்கை ஒப்பந்தமும் கட்டுப்பாடு வைத்திருக்கும். எனவே திட்டம் முடியும்போது அது எந்த முறையில், எந்த நாளில், யாருடைய பயன்பாட்டுக்கு, எந்த நிபந்தனையில் விடப்படும் என்பதை நல்கை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லிக் கொடையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் ஆடிட்டரிடம் அந்த வரியைக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். நல்கை முடிந்த பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்ல இருக்கமாட்டார்கள். அலுவலர்கள் மாறியிருப்பார்கள், கோப்பு மூடப்பட்டிருக்கும்.

கணக்கேடுகள், கிராமசபைத் தீர்மானம், ஒப்பந்தம், சம்மதப் படிவங்கள், சொத்துப் பட்டியல் ஆகியவற்றின் ஒரு பிரதி ஊரில் ஒரு பெட்டியில் இருக்கட்டும். சாவி மகளிர் குழுவிடம் இருக்கட்டும். அடுத்த நல்கைக்கு விண்ணப்பிக்கும்போது 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் எழுத வேண்டியது அந்தப் பெட்டியில்தான் இருக்கும், நாமக்கல்லிலோ சென்னையிலோ இருக்கும் அலுவலகத்தில் அல்ல.